கக்கத்தில் பல்லிச் சத்தம்

ஐப்பசி 9, திங்கள்
விடியும்போதே தூறல். துணி காயவில்லை. மினி பஸ், பிறகு ராஜபாளையம் பஸ். பேண்டேஜ் கம்பெனிக்கு மூன்றாவது லீவு.

மார்புக் கட்டி புற்றுதான் என்று போன வாரமே சொல்லியாச்சு. இன்று கக்கத்தில் ஸ்கேன். நெறி கட்டியிருக்கிறதா, அதற்குள்ளும் புற்று இறங்கிவிட்டதா என்று பார்க்க. இறங்கியிருந்தால் முதலில் மாதக்கணக்கில் மருந்து, அப்புறம்தான் ஆபரேஷன்.

அறை இருட்டு. ஜெல் சில்லென்று. டாக்டரம்மா சின்ன வயசு. திரையைத் திருப்பிக் காட்டினார். "நிணநீர் நெறி மொச்சைக்கொட்டை மாதிரி இருக்கணும்மா, நடுவுல வெள்ளை தெரியணும். இது ஒண்ணுல அந்த வெள்ளையைக் காணோம். நாளைக்கு ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாத்துருவோம்."

ராத்திரிக்கு மொச்சைக் குழம்பு வைப்பதாக இருந்தேன். வைக்கவில்லை.

ஐப்பசி 10, செவ்வாய்
வலது கை தலைக்கு மேலே. மரத்துப்போக ஒரு ஊசி. பிறகு துப்பாக்கி மாதிரி ஒன்றை டாக்டரம்மா காற்றில் அமுக்கிக் காட்டினார். "இந்தச் சத்தம்தான் வரும். அசையாதீங்க, பக்கத்துல ரத்தக்குழாய் இருக்கு."

டிக். அசல் பல்லி.

ஊசி உள்ளே போனது. டிக். என் விரல் தானாகக் கட்டில் கம்பியைத் தட்டியது, மூன்று தடவை. பல்லி சொன்னால் தட்டிப் பழகிய விரல், நாற்பத்தெட்டு வருஷமாக. கக்கம் இழுத்தது.

"அசைஞ்சீங்களா?"

"இல்லை" என்றேன். படித்த பிள்ளையிடம் பல்லிக்குத் தட்டினேன் என்று எப்படிச் சொல்ல? வெட்கம். ரத்தம் கசிந்தது, இன்றைக்குப் போதும் என்றார்கள். மேலே வைத்த பேண்டேஜ் துணி மடிப்பு கோணல். எங்கள் கம்பெனியில் என் கைக்கு வந்திருந்தால் ஒதுக்கியிருப்பேன்.

ஐப்பசி 11, புதன்
வேலைக்குப் போனேன். சூப்பர்வைசர் பேனா, டிக். ஸ்விட்ச், டிக். ஒவ்வொன்றுக்கும் கக்கத்துக்குள் ஒரு துடிப்பு.

வீட்டுச் சுவரில் இருந்த பல்லியை மட்டும் காணவில்லை. டியூப்லைட் பின்னாலும் பார்த்தேன்.

ஐப்பசி 14, சனி
ரிப்போர்ட். ராணுவத்தில் இருந்து வந்தவர் என்பதால் இங்கிலீஷ் எல்லாம் என் வீட்டுக்காரர்தான் படிப்பார். "ஏட்டி, புற்று செல் எதுவும் இல்லைன்னு போட்டிருக்கான்." நாத்தனார் சரோஜா உடனே ஆண்டாள் கோவிலுக்குப் போய்த் துளசியோடு வந்தாள். "தாயார் கண்ணைத் திறந்துட்டா மதினி."

தாளை வாங்கி, எனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் எழுத்துக்கூட்டினேன். அடுத்த வரி: கொழுப்பும் ரத்தமும் மட்டும். நெறியின் சதை இல்லை. ஊசி நெறியைத் தொடவே இல்லை என்று அர்த்தம்.

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். கண் சிரிக்கவில்லை. பயமாக இருந்தது.

ஐப்பசி 15, ஞாயிறு
அவரிடம் சொல்லிவிட்டேன். "நான்தான் அசைஞ்சேன். பல்லின்னு நெனச்சுத் தட்டிட்டேன்."

அவர் ரிப்போர்ட்டை எடுத்து மறுபடி மடித்து வைத்தார். பிறகு, "ரெண்டாவது வரியும் படிச்சேன்."

"பொறவு ஏன் சொல்லலை?"

"செத்த நேரமாவது நீ நிம்மதியா இருக்கட்டுமேன்னுதான்."

கோபம் வந்தது. அழுகையும்.

ஐப்பசி 17, செவ்வாய்
மறுபடி ஊசி. டாக்டரம்மாவிடம் பல்லி விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "எங்க வீட்லயும் தட்டுவாங்க" என்றார். சரோஜாவை உள்ளே விட்டார்கள், என் விரல்களைப் பிடித்துக்கொள்ள.

டிக். டிக். டிக். அசையவில்லை.

"நல்லா வந்திருக்கு. ரெண்டு துண்டு."

"மூணு தடவை கேட்டுச்சே?"

"ரெண்டுதாம்மா எடுத்தேன்."

சரோஜாவைப் பார்த்தேன். அவளுடைய இன்னொரு கை கட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஐப்பசி 21, சனி
காலையிலிருந்து மழை. பால் திரிந்துவிட்டது. ரிப்போர்ட் வந்தது. இந்தத் தடவை நெறி கிடைத்திருக்கிறது. அதற்குள் அதுவும் இருக்கிறது. வியாழக்கிழமை முதல் மருந்து. முடி கொட்டுமாம்.

டியூப்லைட் பின்னால் பல்லி திரும்பி வந்திருக்கிறது. சாப்பிடும்போது சொன்னது. அவர், சரோஜா, நான், மூன்று பேருக்கும் கேட்டது. யாரும் தட்டவில்லை.