இரும்புக் கதவு நின்றது, அண்ணா

என் ஆசை அண்ணாவுக்கு,

கப்பலின் பம்ப் அறையில் கேஸ் வெடித்து நீ போனதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இப்போது அடுகோடியில் ஒரு பட்டறையில் இன்ஜினியர். என்ன செய்கிறோம் தெரியுமா? கேஸ் கசிந்ததும், தீப்பொறி படுவதற்கு முன்பே, அறை முழுக்கப் பனிமூட்டம் மாதிரி தண்ணீரைத் தூவுகிற நாசில். வெடித்தால் அந்தப் பொடித்துளிகள் ஆவியாகிச் சூட்டை வாங்கிக்கொள்ளும், வெடிப்பின் அடி குறையும்.

போன வாரம் கப்பல் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஊருக்கு வெளியே, மூடிய இரும்பு அறையில் கேஸை நிரப்பிக் கொளுத்திக் காட்டினோம். கதவு பிய்த்துக்கொண்டு போய் விழுந்தது. எனக்கு மானமே போயிற்று. "இன்னும் ஒரே ஒரு தடவைதான் வந்து பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

கழற்றிப் பார்த்தால், நாசில் துளைகளில் சந்தனம்! முந்தின நாள் ஆயுத பூஜை. ஈஜிபுரா வீட்டிலிருந்து அம்மாவைக் கூட்டிவந்திருந்தேன். ஒவ்வொரு நாசிலுக்கும் நட்டநடுவில் அழுத்திப் பொட்டு வைத்திருக்கிறாள். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது என்று யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. விடிந்ததும் அப்படியே மாட்டிவிட்டோம். வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"எம்புள்ளையத்தான் காப்பாத்த முடியல. மத்தவங்க புள்ளையையாவது இது காப்பாத்தட்டும்னுதான்டி வெச்சேன்" என்றாள். அதற்கு மேல் என்ன கத்துவது, சொல்லு?

எல்லாவற்றையும் ஊசியால் குத்திக் கழுவி, தூவிப் பார்த்து மாட்டினோம். நேற்று மறுபடி சோதனை. அம்மாவும் வருவேன் என்று நின்றாள். அவள் பிடிவாதம் உனக்குத் தெரியாததா? இடி மாதிரி ஒரு சத்தம். கதவு நெளிந்தது. ஆனால் நின்றது அண்ணா, நின்றது!

"ஆய்த்தும்மா, ஆச்சு! கப்பலுக்கு ஒண்ணும் ஆகாது, ஆர்டர் நமக்குத்தான்!" என்று எங்கள் கன்னடக்கார முதலாளி குதித்தார். அம்மா மட்டும் நெளிந்த கதவைத் தடவிக்கொண்டே என்னைக் கேட்டாள்: "உள்ள ஆள் இருந்தா பொழைப்பானாடி?"

கதவுக்குக் கணக்குப் போட்டேன், ஆளுக்குப் போடவில்லையே. உன்னை எது முதலில் தாக்கியது அண்ணா, சூடா, அடியா? இதை நான் யாரைப் போய்க் கேட்பது?

ஆர்டர் வந்தாலும் நான் ஓயப்போவதில்லை. அம்மா முகத்தைப் பார்த்து, "பொழைப்பான்மா" என்று பொய்யில்லாமல் சொல்கிற வரைக்கும் விடமாட்டேன். சத்தியம்.

சண்டை போட நீ இல்லாமல் தவிக்கிற
உன் தங்கச்சி