கிரிக்கெட் கேட்காத ரேடியோ

எடி, உன் மகள் கொண்டுவந்து தந்த உன் சின்ன ரேடியோவை நேற்று என் மகனின் மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன். நிலையம் எதுவும் பிடிக்காத இடத்தில் முள்ளை நிறுத்தினேன். கர்ரென்று இரைந்தது. "பழுதாப் போச்சம்மா, எறியுங்கோ" என்றான் மகன். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எழுபதுகளின் சிட்னி. நான், கணினிக்குக் கொடுக்கும் துளையட்டைகளை அடிக்கும் அறையில். நீ, அலுமாரிகள் போல வரிசையாக நின்ற கணினியை ஓட்டிய ஒரே பெண். இரண்டு பேரையும் மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்றிருந்தார்கள்.

இந்த ரேடியோ அன்று கணினியின் மேலே இருக்கும். கணினியின் மின்னலைகள் அதில் இரைச்சலாக விழும். செய்யும் கணக்கு மாறினால் இரைச்சலும் மாறும். மேற்பார்வையாளருக்கு அது விளங்கவில்லை. சிலோன்காரி கிரிக்கெட் கேட்கிறாள் என்று நினைத்து, "ஸ்கோர் என்ன?" என்று குத்தலாகக் கேட்பார்.

ஒருநாள் பரீட்சைப் பெறுபேறுகளைக் கணக்கிடும் புதிய நிரல் ஓடியது. மூன்று மணி நேரம் எடுக்கும் என்றார்கள். அரை மணியில் நான் உள்ளே வந்தபோது நீ ரேடியோவில் காதை வைத்து நின்றாய். ஒரே இரைச்சல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

"ஒரே இடத்திலை நிண்டு சுத்துதடி. நிப்பாட்டப் போறன்."

"பிழைச்சா வீட்டை அனுப்பிப் போடுவாங்கள்."

"ஓம், அனுப்பட்டும்" என்று பொத்தானை அழுத்திவிட்டாய்.

மேற்பார்வையாளர் முகம் சிவக்க ஓடிவந்தார். நிரல் எழுதியவரும் நீயும் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். ஓர் அட்டையில் ஓர் எண் பிழை. அதனால் நிரல் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

"யார் அடித்த அட்டை?" என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

"தெரியாது" என்றாய்.

உனக்குத் தெரியும். அந்த அட்டைக்கட்டை அன்று காலையில் உன் கையில் தந்தவள் நான்தானே.

பிறகு குசினியில் தேத்தண்ணி ஊற்றும்போது நான் அழுதேன். "விசரி, இனி ரெண்டு தரம் பார்" என்றாய். அவ்வளவுதான். அதன்பின் நீ அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. மறுநாள் மேற்பார்வையாளர் ரேடியோவின் பக்கத்தில் வந்து நின்று, "இது என்ன சொல்கிறது?" என்று மரியாதையாகக் கேட்டார். எனக்கு வந்த பெருமையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மூன்று மாதம் முடிய இருவரும் நிரந்தரமானோம்.

இதுவரை எவருக்கும் சொல்லாததை நேற்று மகனுக்குச் சொன்னேன். "அந்தப் பிழை அட்டை என்ரை. அன்ரி காட்டிக் குடுக்கேல்லை." அவன் ரேடியோவை எடுத்துக் காதில் வைத்தான்.

இன்றுவரை நான் எதை எழுதினாலும் இரண்டு தரம் பார்க்கிறேன். இந்த மடலையும் பார்த்துவிட்டேன்.