எஸ்லின் உருட்டிய பத்து உருண்டைகள்

2 டிசம்பர் 2025, செவ்வாய்

சௌமியா டீச்சர் வண்டியிலிருந்து விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். ஒரு மாதம் வரமாட்டாள். வீட்டின் கீழ்த்தளத்தில் என் மனைவி நடத்தும் மழலைப் பள்ளியில் இருபது குழந்தைகள். இனி அவளும் ஆயாவும்தான். "கைவேலைக்கு ஒரு மணி நேரம். அதை மட்டும் நீங்க பாத்துக்கங்க. மாடில உக்காந்துட்டு கம்பெனிக்காரன திட்டறதுக்கு இது எவ்வளவோ மேலு" என்றாள் ஜோதிமணி.

எம்.டெக். இருபத்தாறு வருடம் தரக்கட்டுப்பாட்டுத் துறை. இன்று, ராகியை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குக் கரண்டியால் மாற்றும் இருபது பேருக்கு மேற்பார்வையாளன். பாதி ராகி தரையில். ரோஷன் தன் தலையிலேயே கொட்டிக்கொண்டான். இதற்குப் பெயர் கல்வியாம்.

3 டிசம்பர், புதன்

மறுபடியும் ராகி. ஒருவரிடமும் ஒழுங்கில்லை.

5 டிசம்பர், வெள்ளி

ஒழுங்கைக் கொண்டுவந்துவிட்டேன். களிமண் உருண்டை, ஆளுக்குப் பத்து, எல்லாம் ஒரே அளவு. அட்டையில் இரண்டு ஓட்டை வெட்டினேன். உருண்டை பெரிய ஓட்டையில் நுழைய வேண்டும், சின்ன ஓட்டையில் நுழையக் கூடாது. தேறியது பச்சைத் தட்டுக்கு, தேறாதது சிவப்புத் தட்டுக்கு. கம்பெனியில் சிவப்புப் பெட்டிக்குப் போன பாகத்தைப் பிறகு யாரும் தொடமாட்டார்கள், உருக்கத்தான் போகும். இங்கும் அப்படியே. சிவப்புத் தட்டில் விழுந்ததையெல்லாம் நசுக்கி வாளியில் போட்டேன்.

வகுப்பு அவ்வளவு அமைதி. "என்னங்க, இதுங்க இவ்ளோ கம்முனு இருக்குதுங்க?" என்று ஜோதிமணி எட்டிப் பார்த்தாள். பெருமையாக இருந்தது.

8 டிசம்பர், திங்கள்

காலையில் வாசலில் ஜான்பீட்டர்! வகுப்பில் இருக்கும் எஸ்லின் அவன் மகளாம். தினமும் அம்மாதான் கொண்டுவந்து விடுவாள், அதனால் எனக்குத் தெரியவில்லை.

டிப்ளமோ. கம்பெனிக்கு நேர்முகத் தேர்வில் நானே எடுத்த ஆள். எனக்கு வரவேண்டிய துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, என் விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன். "சார், நல்லா இருக்கீங்களா? பிள்ளை உங்ககிட்ட படிக்கான்னு தெரிஞ்சதும் வீட்ல அவ்ளோ சந்தோசம்" என்கிறான். நக்கலா? பேச்சில் கண்டுபிடிக்க முடியவில்லை. நாள் முழுக்க அந்தக் குரல்தான் காதில்.

9 டிசம்பர், செவ்வாய்

எஸ்லினின் பத்து உருண்டைகளும் சிவப்புத் தட்டுக்கு. வெடிப்பு.

11 டிசம்பர், வியாழன்

எஸ்லின் களிமண்ணைத் தொடுவதில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். மணி கோர்க்கக் கொடுத்தேன். தலையை மட்டும் ஆட்டினாள். சாப்பாட்டு டப்பாவை ஆயாதான் திறந்து ஊட்டினாள்.

பிடிவாதம். அப்பனைப் போல.

12 டிசம்பர், வெள்ளி

மாலையில் ஜான்பீட்டர் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே நின்றான்.

"சார், மூணு நாளா பிள்ளை கையால ஒண்ணும் செய்ய மாட்டேங்கா. பட்டன் போட மாட்டேங்கா, ஸ்பூன் பிடிக்க மாட்டேங்கா. கேட்டா, 'இது சிவப்புத் தட்டுக் கை'ங்கா. என்னன்னே புரியல. நரம்புல ஏதும் கோளாறோன்னு அவ அம்மா ஒரே அழுகை. செவ்வாய்க்கிழமை பெங்களூர்ல ஒரு டாக்டர்ட்ட காட்டப் போறோம். கிளாஸ்ல ஏதும் நடந்துச்சா சார்?"

"ஒண்ணும் நடக்கலியே" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான் சார்" என்று போய்விட்டான்.

13 டிசம்பர், சனி

செவ்வாய்க்கிழமை எழுதியது பொய். வெடிப்பே இல்லை.

பத்தும் பெரிய ஓட்டையில் நுழைந்தன, சின்ன ஓட்டையில் நின்றன. வகுப்பில் வேறு யாரும் பத்துக்குப் பத்து செய்யவில்லை. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. பச்சைத் தட்டைத் தானே என் பக்கம் தள்ளிவைத்தாள். எனக்கு அந்த முகத்தில் அவன் முகம் தெரிந்தது. "வெடிப்பு இருக்கு" என்றேன். "எங்க சார்?" என்று கேட்டாள். நான் காட்டவில்லை. எதைக் காட்டுவது? பத்தையும் அவள் கண்ணெதிரே ஒரே பிடியாக நசுக்கினேன். நசுக்கும்போது நன்றாக இருந்தது – இதை எழுதாமல் விட்டால் மறுபடியும் பொய்தான். நன்றாக இருந்தது.

சொந்த டைரியிலேயே பொய் எழுதி வச்சிருக்கியே, யார ஏமாத்த? என்ன மனுசன்டா நீ? அம்பத்து மூணு வயசு. நாலு வயசுப் புள்ளகிட்டயா உன் வீரம்?

ஜோதிமணியிடம் சொல்லிவிட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றது.

"அந்தாளு மேல இருக்கற ஆத்திரத்த புள்ள கையில காட்டினீங்களா?"

பிறகு, திரும்பாமலே: "அவங்க டாக்டர்கிட்ட போறதுக்குள்ள போய்ச் சொல்லிடுங்க. போன்ல வேணாம்."

14 டிசம்பர், ஞாயிறு

சட்டை மாட்டினேன். கழற்றினேன். போகவில்லை.

15 டிசம்பர், திங்கள்

இரண்டு வருடத்துக்குப் பிறகு கம்பெனி வாசல். காவலாளி புது ஆள். "யாரப் பாக்கணும், என்ன விசயம், எல்லாம் நோட்ல எழுதுங்க பெரியவரே." பெரியவரே! எழுதினேன். விசயம் என்ற இடத்தில்: 'சொந்த வேலை'.

ஜான்பீட்டர் எழுந்து நின்று நாற்காலி போட்டான், காபி சொன்னான். நான் உட்காராமலே சொல்லி முடித்தேன். அவன் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"உருண்டை சரியாத்தான் இருந்துச்சா சார்?"

"சரியா இருந்துச்சு."

"அளந்தீங்களா?"

"அளந்தேன். பத்தும்."

கண்ணாடிக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எல்லாரு முன்னாடியும் என்னைய டிப்ளமோ டிப்ளமோன்னு கூப்பிடுவீங்க. ஒரு நாளாவது எதுத்துப் பேசியிருக்கேனா? இவ உங்களுக்கு என்ன சார் செஞ்சா?"

மன்னிச்சுடு என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினான். "எங்கிட்ட வேண்டாம். அவகிட்ட சொல்லுங்க." என் முன்னாலேயே டாக்டருக்கு போன் போட்டு, நாளைக்கு வரவில்லை என்றான். காபி வந்தது. இருவரும் தொடவில்லை.

16 டிசம்பர், செவ்வாய்

தரையில் அவளெதிரே உட்கார்ந்து சொன்னேன். "எஸ்லின், உன் உருண்டை பத்தும் நல்லா இருந்துச்சு. வெடிப்பே இல்ல. சார்தான் பொய் சொன்னேன்."

"ஏன்?"

"உங்கப்பா மேல கோவம்."

நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "அப்பா உருண்டை செய்யலியே. நான்தான செஞ்சேன்?"

கைகள் தொடைக்கு அடியிலேயே இருந்தன.

18 டிசம்பர், வியாழன்

இன்றும் எஸ்லின் கையை எடுக்கவில்லை.

19 டிசம்பர், வெள்ளி

கைவேலை நேரத்தை ஜோதிமணியே எடுத்துக்கொண்டுவிட்டாள். வாளியும் கிண்ணமும் கழுவுவது என் வேலை. எஸ்லினாகக் கேட்டால் ஒழிய நான் அவளிடம் பேசுவதில்லை.

அவரை வரத்து தொடங்கிவிட்டது. ஊறவைத்த கொட்டையை ஜோதிமணி குழந்தைகளிடம் கொடுத்து, பிதுக்கச் சொன்னாள். தோல் கையில் நிற்க, பருப்பு தெறித்து ஓடுகிறது. ஒன்று ஆயாவின் கொண்டையில் போய் விழுந்தது. "நோடு, நோடு!" என்று கன்னடத்தில் பார்க்கச் சொல்லி ரோஷன் குதிக்க, வகுப்பே கூச்சல்.

எஸ்லின் எழுந்தாள். ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தோள்கள் மட்டும் அசைந்தன. பிறகு ஒரு பருப்பு சுவரில் பட்டுத் தெறித்தது. நான் பார்த்துவிட்டேனா என்று சட்டெனத் திரும்பினாள்.

நான் வாளிக்குள் தலையைக் குனிந்து, ஏற்கெனவே கழுவிய அடிப்பாகத்தை மறுபடியும் தேய்த்தேன். நிமிரவில்லை. கொஞ்சம் பொறுத்து மூலையிலிருந்து இன்னொன்று தெறித்த சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.