மதகுச் சாவி

தருமபுரி, மாணவியர் விடுதி
8.7.2024

இறால் மன்னராகிய என் அண்ணனுக்கு,

மண்டையில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் நலமாக இருப்பாய் என்று நம்பும் பூவிழி எழுதுவது. வார்டன் அம்மா போனில் சேவல் கூவும் அலாரம் வைத்தேன்; என் போன் அவர் பீரோவுக்குள் போய்விட்டது. அதனால்தான் தபால்.

உன் கடிதம் வந்தது. உங்கள் பண்ணையில் இரண்டாம் குளத்து இறால் தலை ஓட்டில் புள்ளியோடு சாகிறதாம். முதலாளி, "சுண்ணாம்பு கூடிப்போச்சு, மதகைத் தொறந்து தண்ணிய வாய்க்கால்ல வுடு" என்றாராம். நீ மதகைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, "தண்ணிய வீணா வுட மனசு வரலிங்க" என்றாயாம். குடத்துத் தண்ணீரை எண்ணிச் செலவழிக்கும் நம் வறண்ட ஊரின் அசல் இண்டூர்க்காரன். இறாலை ஆய்வகத்துக்கு அனுப்பி, சோதனையில் நோய் இல்லையென்றால் உனக்கு வேலையும் இல்லை என்றாராமே முதலாளி.

நூலகத்தில் இறால் நோய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். சுண்ணாம்பு கூடினாலும் புள்ளி வரும், வைரஸ் வந்தாலும் வரும். ஓடு வெறும் போர்டுதான், கடை உள்ளே. செவுள், வயிற்றின் உட்சுவர், ஓட்டுக்கு அடியிலுள்ள தோல், எல்லாவற்றிலும் செல்லின் உட்கருவுக்குள் வைரஸ் குடியேறும். உட்கரு பன் மாதிரி உப்பும், செல் உடையும், அடுத்த இறாலுக்கு வைரஸ் தண்ணீரிலேயே நீந்திப் போகும். ஆகவே ஓட்டை மட்டும் அனுப்பாதே. முழு இறாலை அனுப்பு. சாவியை மட்டும் கொடுத்துவிடாதே.

வால் நீண்ட தங்கச்சி,
பூவிழி

வேதாரண்யம்
13.7.2024

ஏ வாலு,

முழு இறாலாகவே அனுப்பிட்டேன். முதலாளி என் முகத்தையே பார்ப்பதில்லை. நேற்று மட்டும், "ஒங்க ஊர்ல தண்ணி இல்லன்னா என் மதகை ஏன்டா பூட்டுற?" என்றார். "முடிவு வரட்டுங்க" என்றேன். நாளைக்கு வருகிறது. பையை மடித்து வைத்திருக்கிறேன். வேலை போனால் வூட்டில் நீதான் பதில் சொல்லணும்.

கதிரவன்

தருமபுரி
24.7.2024

வெற்றிவேந்தனாகிய என் அண்ணனுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு வரிசையில் நின்று சத்தமாகப் படித்தேன். செவுளிலும் வயிற்றுச் சுவரிலும் உட்கரு வீங்கியிருக்கிறது, வெள்ளைப்புள்ளி வைரஸ்தான் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்களே. மொத்த வரிசையும் கைதட்டியது. குழம்பு கொஞ்சம் கொட்டியது.

இரண்டாம் குளம் போனது போனதுதான். ஆனால் தண்ணீரை உள்ளேயே நிறுத்தி பிளீச்சிங் போட்டதால் உங்கள் மற்ற மூன்று குளமும், அதே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பக்கத்துப் பண்ணைகளும் தப்பிவிட்டன. முதலாளி சாவிக்கொத்தையே உன் கையில் கொடுத்து, "வறண்ட ஊர்க்காரன்கிட்டயே இருக்கட்டும்" என்றாராமே. அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

வார்டன் அம்மா இன்னும் போனைத் தரவில்லை. கெஞ்சினாலும் பீரோ சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. முன்பு என்றால் திட்டியிருப்பேன். இப்போது அப்படிப்பட்டவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை.

சாவிக்காரன் தங்கச்சி,
பூவிழி