குடில் வைக்கோல்

ஜனவரி 13, திங்கள்

கொட்டிலில் தண்ணீர்க் குழாய் இன்றும் உறையவில்லை. இதற்கே தனியாக ஒரு செபம் சொல்லலாம். வளரும் பன்றிக்குட்டிகள் வெளி முற்றத்துக்கு ஓடி, பனியில் மூக்கை நுழைத்து, தும்மிக்கொண்டே திரும்பி வந்தன. எல்லா வாலும் சுருண்டிருந்தது. வால் நறுக்காமல் நாங்கள் வளர்க்கும் முதல் கூட்டம் இது. வால் தொங்கினால் கடித்துக்கொள்ளப் போகின்றன என்று அர்த்தம் என்று கால்நடை டாக்டர் ஓர்ட்ருன் சொல்லியிருக்கிறார். அதனால் கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்ப்பதில்லை, வாலைத்தான் பார்க்கிறேன்.

தீவனச் செலவு போன மாதத்தைவிடக் கூடுதல். குளிருக்கு அது சரிதான்.

தாய்ப்பன்றி மிர்ல் நிறைசினை. பிப்ரவரி முதல் வாரம் ஆகும். எழுதும்போதே கை நிற்கிறது.

ஜனவரி 15

நேற்று எழுத மனம் வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்டில் மிர்ல் பதினான்கு போட்டது. ஐந்தைத் தன் உடம்பாலேயே நசுக்கிவிட்டது. இரும்புக் கூண்டில் நிறுத்தாமல், திறந்த அறையில் அது ஈன்ற முதல் ஈற்று. இயற்கைப் பண்ணைக்கு மாறினால் கூண்டு கூடாது. சான்றிதழுக்கு மட்டும் இல்லை, எங்களுக்கும் அது பிடித்திருந்தது. திரும்பக்கூட முடியாமல் ஒரு தாயை வாரக்கணக்கில் அடைத்து வைப்பது என்ன நியாயம்? ஆனால் அன்று அது ஒரு இடத்தில் நிற்கவில்லை. தரையைக் கிளறிக் கிளறி, கதவுக் கம்பியைக் கடித்து, பொத்தென்று விழுந்தது. அடியில் குட்டி கத்துவது கேட்டும் எழவில்லை. அடுத்த நாள் காய்ச்சல், பால் நின்றது, ஊசி போட்டோம்.

எங்கல்பெர்ட் அன்று சாப்பிடவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் என் புருஷன் சாப்பாட்டை ஒதுக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்புறம் சொன்னான்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மிர்ல் கசாப்புக்காரன் வண்டியில ஏறும். கூண்டும் திரும்ப வரும். சான்றிதழ் கொடுக்கிறவங்களே அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கட்டும்."

நான் கொட்டிலுக்குத் திரும்பிப் போய், மிச்சம் ஒன்பதையும் எண்ணினேன்.

ஜனவரி 17

வளர்ப்பு மிருகங்களுக்குக் காவலரான வனத்து அந்தோணியார் திருநாள். பூசைக்குப் போனேன். எங்கள் கோயிலில் அவர் காலடியில் நிற்கும் மரப் பன்றிக்கு ஒரு காது உடைந்திருக்கிறது. மெழுகுதிரி ஏற்றினேன். மிர்லைப் பெயர் சொல்லியே ஒப்படைத்தேன். பன்றியைப் பெயர் சொல்லி வேண்டலாமா? அவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

மதியம் பொரித்த பன்றித் தொடையும் புளித்த முட்டைக்கோஸும். நன்றி சொல்லித்தான் சாப்பிட்டோம். எனக்கு இதில் முரண் தெரியவில்லை. இருக்கும்வரை அது நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜனவரி 24

எங்கல்பெர்ட் பின்கொட்டகையில் பழைய கூண்டுகளின் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"எதுக்கு?"

"துரு பிடிக்கக் கூடாதுல்ல."

"ஆறு மாசமா பிடிக்காத துருவா?"

"புர்கி, நீ அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏத்துற. நான் கீலுக்கு எண்ணெய் போடுறேன். ரெண்டு பேரும் பயத்துலதான் செய்யறோம்."

கோபம் வந்தது. அவன் சொன்னது உண்மை என்பதால் கூடுதலாக வந்தது.

ஜனவரி 29

மிர்லை ஈனும் அறைக்கு மாற்றினோம். சுவரோரம் குட்டிகள் ஒதுங்கக் கம்பி, மூலையில் சூட்டு விளக்கு, தரையில் நறுக்கிய வைக்கோல் தாராளமாக. எல்லாம் சரியாக இருக்கிறது. ஆகஸ்டிலும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 1

நாள் ஆகிவிட்டது. இன்னும் போடவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

மெழுகுதிரித் திருநாள். வருஷத்துக்கு வேண்டிய மெழுகுதிரிகளை மந்திரிக்கக் கொண்டுபோனேன். பூசை முடிந்ததும் வழக்கம்போல் கிறிஸ்மஸ் குடிலைப் பிரித்தோம். சுரூபங்களைத் துணியில் சுற்றுவது என் வேலை, வைக்கோலை அள்ளுவது கோயில்பிள்ளை கோர்பினியனின் வேலை. அவர் தன் சின்ன வயலில் ரை தானியத்தை இன்னமும் அரிவாளால் அறுத்து, வைக்கோல் தாளை முழு நீளத்துக்குக் கட்டி வைப்பவர். குடிலுக்கு அதுதான் அழகு. மந்திரித்தது என்பதால் குப்பையில் போடக் கூடாது. எப்போதும் அவருடைய முயல்களுக்குப் போகும்.

ஒரு பிடி கேட்டேன். மிர்லின் அறையில் ஆசீர்வாதமாகப் போட.

"ஒரு பிடி எதுக்கு, முழுசா கொண்டு போ. முயலெல்லாம் இலையுதிர் காலத்துல சீக்கு வந்து போயிடுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "பாலன் இயேசு படுத்த வைக்கோல் பன்னிக்குப் போச்சுன்னு சாமியாருக்குத் தெரிஞ்சா, அடுத்த வருஷம் குடில்ல கழுதைக்குப் பதிலா என்னை நிக்க வைப்பாரு."

"நீங்க பொருத்தமாத்தான் இருப்பீங்க."

"பார், பூசை முடிஞ்சு பத்து நிமிஷம் ஆகல, அதுக்குள்ள நாக்கு நீளுது!"

நாலு கட்டு. காரின் பின்னிருக்கை முழுக்கத் தாள்.

பிப்ரவரி 3

எங்கே தொடங்குவது.

காலையில் மிர்ல் மறுபடி ஆகஸ்ட் மாதிரியே ஆரம்பித்தது. முன்னங்காலால் தரையைக் கிளறும், மூக்கால் தள்ளும், நறுக்கிய வைக்கோல் சிதறும், வெறும் தரை தெரியும். மறுபடி கிளறும். கம்பியைக் கடிக்கும். சிலுவை அடையாளம் போட்டுக் குடில் வைக்கோலில் ஒரு கட்டை அவிழ்த்து உள்ளே போட்டேன்.

அது மோந்து பார்த்தது. ஒரு வாய் நிறையக் கவ்வியது, இரண்டு பக்கமும் மீசை மாதிரி தாள் நீட்டிக்கொண்டிருந்தது. மூலைக்குத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தது. திரும்பி வந்தது. இன்னொரு வாய். வைத்ததை மூக்கால் அமுக்கியது. தாள் சிதறவில்லை, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நின்றது. கை தானாக இரண்டாவது கட்டை எடுத்தது, பிறகு மூன்றாவது, நாலாவது. மதியத்துக்குள் ஒரு பெரிய கூடு. பறவைக் கூடு போலவே நடுவில் குழி!

எங்கல்பெர்ட்டைக் கூப்பிட்டேன். கதவில் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இது கூடு கட்டுது," என்றான்.

"ஆமா."

"அப்போ ஆகஸ்ட்ல அத்தனை நேரம்…"

"கட்டத்தான் பார்த்திருக்கு. நாம கொடுத்த வைக்கோல் நிக்கல."

வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்கியே போடுவது எங்கள் வழக்கம். நீளமாகப் போட்டால் கொட்டிலின் பழைய எருக் கால்வாய் அடைத்துக்கொள்ளும். கூண்டை வெளியே தூக்கிப்போட்டோம், நறுக்குவதை நிறுத்தவில்லை. கட்டிப்போட்ட காலத்துப் பழக்கம் கட்டவிழ்த்த பிறகும் எங்கள் கையில் இருந்திருக்கிறது. கூடு கட்ட விடாமல் வைத்துவிட்டு, குட்டிகளை நசுக்கிவிட்டாய் என்று அதையே ஏசினோம்.

பிற்பகல் ஈனத் தொடங்கியது. கூட்டுக்குள் மெதுவாக மண்டியிட்டு, பக்கவாட்டில் சரிந்து படுத்தது. பன்னிரண்டு உயிரோடு, ஒன்று பிறக்கும்போதே இறந்தது. நடுவில் ஒரு தடவை எழுந்தது. என் உயிர் போய்விட்டது. திரும்பப் படுக்கும் முன் மூக்கால் குட்டிகளை ஒவ்வொன்றாய் ஓரம் தள்ளியது! பிறகு முழங்கால், பிறகு தோள், பிறகுதான் பின்புறம். ஒன்று கத்தியதும் உடனே எழுந்து மறுபடி படுத்தது.

இன்று தொண்டை நோய்களுக்குக் காவலரான பிளேசியார் திருநாள், தொண்டை மந்திரிக்கக் கோயிலுக்குப் போகவில்லை. "அடுத்த வருஷம் ரெண்டு தடவை மந்திரிச்சுக்கோ," என்றான் எங்கல்பெர்ட்.

பிப்ரவரி 4

பன்னிரண்டும் இருக்கின்றன.

பிப்ரவரி 6

ஒன்று போனது. ஆரம்பத்திலிருந்தே சவலை, சூட்டு விளக்கின் கீழேயே கிடந்தது. நசுங்கவில்லை.

டாக்டர் ஓர்ட்ருன் வந்தார். காய்ச்சல் இல்லை, மடி மென்மை, பால் இருக்கிறது. "என்ன கொடுத்தீங்க?" என்றார். சொன்னேன். சிரிக்கவில்லை. "கூட்டையும் தின்னிருக்கும் பாருங்க. நார் உள்ள போனா மலம் இறுகாது. மலம் இறுகினாத்தான் பெரும்பாலும் காய்ச்சல், பால் நிக்கறது எல்லாம். நறுக்கினதைப் போடறீங்கன்னு ஆகஸ்ட்லயே நான் கவனிச்சிருக்கணும்."

ஊசி வேண்டாம். கணக்கு நோட்டில் மருந்துச் செலவு என்ற இடத்தில் வெறும் கோடு போட்டேன். நன்றி, நன்றி.

பிப்ரவரி 9

சாப்பாட்டு மேசையில் சின்னச் சண்டை.

"வைக்கோலோட நீளம்தான் வேலை செஞ்சுது புர்கி. மந்திரிச்சதால இல்ல."

"நான் என்ன சொன்னேன்?"

"சொல்லல. முகத்துல எழுதியிருக்கு."

"இருக்கட்டும். உனக்கென்ன?"

"அடுத்து ஃப்ரோனி ஈனப்போகுது. குடில் வைக்கோல் தீர்ந்துபோச்சு. அப்போ பார்ப்போம்."

இதைக் கேட்டு ராத்திரி கொஞ்சம் கலங்கினேன். என் நன்றியைச் சோதனைக்கு வைக்கிறானா?

பிப்ரவரி 20

ஃப்ரோனிக்கு நாள் நெருங்குகிறது. எங்கல்பெர்ட் யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். கோர்பினியனின் பரணில் மிச்சம் இருந்த நீளத் தாள் முழுவதும் வண்டியில் வந்தது. மந்திரிக்காதது. என்ன கொடுத்தாய் என்றேன். "ரெண்டு பாட்டில் ஆப்பிள் மது. அப்புறம் அரை மணி நேரம் அவர் முழங்கால் வலியைக் கேட்டேன். அதுதான் விலை அதிகம்."

பிப்ரவரி 22

ஃப்ரோனி கூடு கட்டியது. பதினொன்று, பதினொன்றும் உயிரோடு.

எங்கல்பெர்ட் என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். ஜெயித்தவன் பார்வை. நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தான் போல. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தாளை நீளமாக முளைக்க வைத்தவர் யார்? பன்றிக்குக் கூடு கட்டத் தெரியும் என்று அதன் மூக்கில் எழுதி வைத்தவர் யார்? எங்களுக்கு அது தெரிவதற்கு ஒரு குடில் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

மார்ச் 5

சாம்பல் புதன். ஃப்ரோனி தன் குட்டி ஒன்றை நசுக்கிவிட்டது. வலிக்கிறது. எங்கல்பெர்ட் கூண்டைப் பற்றிப் பேசவில்லை.

மார்ச் 12

கூண்டுகளின் பக்கக் கம்பிகளைக் கழற்றி என் காய்கறித் தோட்டத்தில் நட்டிருக்கிறான். பீன்ஸ் கொடி ஏறட்டுமாம். "நல்லா எண்ணெய் போட்டது. துரு பிடிக்காது," என்றான், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

மார்ச் 19

சூசையப்பர் திருநாள். மிர்லின் பதினொரு குட்டிகளை நேற்று தாயிடமிருந்து பிரித்தோம். பதினொரு வாலும் சுருண்டிருக்கிறது. மிர்ல் முற்றத்து வெயிலில் கிடந்தது.

பூசை முடிந்து கோர்பினியன் எங்களுடன் காப்பி குடிக்க வந்தார். முழங்கால் மோசம், இந்த வருஷம் அரிவாள் பிடிக்க முடியாது, டிசம்பரில் குடிலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார்.

"எங்க வயல்ல ரை நிக்குது," என்றான் எங்கல்பெர்ட். "காட்டோரப் பக்கம் ஒரு பட்டை மெஷின் படாம விடறேன். கையாலயே அறுக்கறேன். குடிலுக்கு எத்தனை கட்டு வேணும்?"

"நாலு போதும்."

அவன் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டான்.

"மிர்லுக்கு முதல்ல எடுத்து வச்சுடணும்," என்றான். "மிச்சத்துல குடிலுக்குத் தரேன்."

கோர்பினியன் என்னைப் பார்த்தார், நான் கண்டிப்பேன் என்று. நான் அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினேன். மாட்டுத் தொட்டியில் படுத்த பிள்ளை இதற்கெல்லாம் கோபிக்காது.