தறி இல்லாத வீடு

3 பிப்ரவரி 1971, புதன்
எழுந்ததும் முதலில் செய்தது, பஸ் கண்டக்டர் நேற்றுக் கொடுத்துவிட்டுப் போன புரூஃப் கட்டைத் தூக்கிப் பார்த்தது. போன வாரத்தைவிட இலேசு. முதுகுவலியால் தினமும் பஸ்ஸில் சென்னைக்குப் போவதை நிறுத்தி, அச்சக வேலையை வீட்டிலிருந்தே பார்க்கத் தொடங்கியது முதல் கட்டு மெலிந்துகொண்டே வருகிறது. மீதிப் பக்கங்கள் யாரிடம் போகின்றன? கூட வேலை பார்த்த தேவகியிடமா?

5 பிப்ரவரி
அச்சகத்தில் தேவகி மூலப் பிரதியை உரக்க வாசிப்பாள், நான் புரூஃபில் பிழை திருத்துவேன். இங்கே இரண்டும் நானே. வாசிப்பது கேட்டு, பக்கத்து வீட்டு வடிவு தறியை விட்டு எழுந்து வந்தாள்.

“யாருகூடக்கா பேசிக்கினு கீறீங்க?”

“வேலை செய்யறேம்மா.”

“இதுவா வேலை?” சிரித்தாள். குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போனாள்.

இந்தத் தெருவில் எல்லோருக்கும் வீட்டில்தான் வேலை. ஆனால் அவர்கள் தறிச் சத்தம் தெரு முழுக்கக் கேட்கிறது. என்னுடையது?

8 பிப்ரவரி
இவர் ஆபீசுக்குக் கிளம்பும்போது: “வீட்லதானே இருக்கே, மண்ணெண்ணெய் வாங்கி வெச்சுடு.”

11 பிப்ரவரி
கட்டே வரவில்லை. “ஒண்ணும் குடுக்கலமா” என்றார் கண்டக்டர், முகத்தைப் பார்க்காமல். அவருக்கும் ஏதோ தெரியுமோ? — சீ, என்ன புத்தி இது. நான் இப்படி இருந்ததில்லையே.

14 பிப்ரவரி, ஞாயிறு
தேவகி வந்தாள். காமாட்சி கோயிலுக்கு வந்தாளாம். அச்சக மேனேஜர் வேவு பார்க்க அனுப்பினாரோ? காபியைக் கொடுத்துக்கொண்டே கேட்டுவிட்டேன் — என் நாற்காலியில் இப்போது யார்?

“என் கூடைதான்க்கா. வேற யாரையும் உக்கார விடல.” பிறகு குரல் இறங்கியது. “மேனேஜர் உங்க கட்டைப் பிரிச்சி எனக்குப் பாதி குடுக்கறாரு. யாரு வேகம்னு பாக்கறாராம். இப்ப என்னையும் வீட்டுக்கு எடுத்துக்கினு போவச் சொல்றாரு. ‘அந்தம்மா பாக்கலையா’ன்னு உங்களத்தான் காட்டறாரு. நம்ம புரூஃப் ரூம்பு குடோன் ஆவப்போவுது. ஒத்த ரூம்பு வீட்ல ஆறு பேரு நாங்கக்கா, எங்க வெச்சிப் பாப்பேன்? நாளைக்குப் பதில் சொல்லணும்.”

அழுதாள். நான் அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் என் இடத்தைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அவளிடம் சொல்லவில்லை. இவரிடமும் சொல்லவில்லை. முதுகுக்கு வைக்கச் சின்னத் தலையணை ஒன்றைப் பையில் திணித்துவிட்டேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அச்சகத்துக்கு. அந்தக் கூடையை எடுத்துக் கீழே வைக்கச் சொல்ல வேண்டும்.