பெட்டிக்குள் 89 டிகிரி

அக். 14, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். ஸ்வெட்டரைத் துவைக்கப் போட்டது தப்பு.

பாகங்களின் துளையைக் கேமராவில் சோதிக்கும் மெஷின் மறுபடி நின்றது. நாலாவது முறை. எப்போதும் இரண்டாம் ஷிஃப்ட், மஞ்சுளா கையில். பாகலூர்ப் பெண், கான்ட்ராக்ட். மெஷினின் மூளை, இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு. பழுது பார்ப்பது என் வேலை; பெட்டிக் கதவைத் திறந்து வைத்து அரை மணி பார்த்தேன். பிராசஸர் சூடு 61 டிகிரி. குறை ஒன்றும் இல்லை.

அறிக்கை: "மெஷின் சரி. மஞ்சுளா கவனமாக இயக்க வேண்டும்." பெரிய மனுஷன் மாதிரி கையெழுத்து வேறு.

வாங்க: சோப்பு, ரீசார்ஜ் கார்டு.

அக். 15, புதன்
மூன்று மணிக்கு மறுபடி நின்றது. சூப்பர்வைசர் தங்கவேல் சார் கையில் என் அறிக்கை.
"இது போதும்ப்பா. சனிக்கிழமையோட அந்தப் பொண்ண நிறுத்திடலாம்."
அவள் காதில் விழுந்திருக்கும். கேன்டீனில் எலுமிச்சை சாதம்.

அக். 16, வியாழன்
பிராசஸர் வேகத்தை 800 மெகாஹெர்ட்ஸிலிருந்து 500க்குக் குறைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. ஆனால் எட்டு நொடி வேலைக்குப் பதின்மூன்று நொடி.
தங்கவேல் சார்: "இப்ப மெதுவாவும் ஓட்டுதா அந்தப் பொண்ணு?"
பழையபடி ஏற்றிவிட்டேன். உதவி செய்யப் போய் அவள் தலையிலேயே விழுந்தது.

வேகம் குறைத்தால் நிற்கவில்லை என்றால் சூடுதான் காரணம். நான் பார்க்கும்போது மட்டும் ஏன் 61?

அக். 17, வெள்ளி
ஷிஃப்ட் ஆரம்பம். மஞ்சுளா பெட்டிக் கதவிலிருந்த சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். சட்டென்று கையை உதறினாள்.
"சாமி இன்னிக்கும் சுடுதுங்க சார்."
"எப்பலேர்ந்து?"
"ஆயுத பூஜை முடிஞ்சதுலேர்ந்து. மத்தியானம் பக்கத்து ஓவன் போட்டா ரொம்பச் சுடும். நீங்க கதவத் தொறந்தா ஆறிடுது."
"ஏன் சொல்லல?"
"நீங்க கேக்கலீங்களே. சாமி படத்த நான் எப்படிங்க சார் பிய்க்கிறது?"

கதவை மூடி வைத்துத் திரையில் பார்த்தேன். நாற்பது நிமிஷத்தில் 89. நின்றது.

படத்துக்குப் பின்னால்தான் காற்றுத் துளைகள். ஒட்டியது நான். நடுவில் இருந்தால் லட்சணமாக இருக்கும் என்று, சந்தனம் வைத்து, பொரி தின்றுகொண்டே. ஒரே வெட்கம்.

தண்ணீர் தொட்டு மெதுவாக எடுத்தேன். மஞ்சுளா வாங்கித் தூணில் ஒட்டினாள். கதவை மூடி, முழு வேகம்: 66. ஷிஃப்ட் முடியும்வரை ஓடியது.

அக். 18, சனி
வெயில். புது அறிக்கை. "காரணம்: காற்றுத் துளைகளின் மேல் ஒட்டப்பட்டிருந்த படம்." இப்படி விட்டால் ஒட்டியது யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒட்டப்பட்டிருந்த" என்பதை அடித்துவிட்டு, ஒட்டியவர் என்று போட்டு என் பெயரை எழுதினேன்.

தங்கவேல் சார் படித்தார். "பேரெல்லாம் எதுக்குப்பா?"
"அன்னிக்கு அவங்க பேர எழுதினேனே சார்."

திங்கள் ஷிஃப்ட் பட்டியலில் மஞ்சுளா இருக்கிறாள். எனக்கு மெமோ. வாங்கிக்கொண்டேன்.